பெரியப்பாவின் குரலும் ஒரு பழைய விசிடியும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே அக்கா கல்யாண விசிடி இரண்டு, 2003-இல் எடுத்தது. கூடவே ஹேண்டிகேமில் போடும் குட்டி டிவிடி ஒன்று. "உங்க பெரியப்பா பேசுறது இதுல மட்டுந்தாம்ப்பா இருக்கு. பிளேயர்ல போட்டா 'நோ டிஸ்க்'னு வருது." பெரியப்பா தவறி இரண்டு வருஷமாகிறது. கடையில் காட்டியதற்கு, சிடி செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆனால் அதே பிளேயரில் ஒரு சினிமா டிவிடி ஜோராக ஓடியது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கடையில் விற்கும் சினிமா சிடியில் தகவல் அச்சு வைத்து அழுத்திய குழிகளாக இருக்கும். நாம் ரைட் பண்ணும் சிடியில் குழி கிடையாது; ஒரு சாய அடுக்கில் லேசர் சுட்ட தடங்கள்தான். அந்தச் சாயம் 780 நானோமீட்டர் லேசருக்கென்றே தயாரானது. டிவிடியைப் படிப்பதோ 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அதன் வெளிச்சத்தை இந்தச் சாயம் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால்தான் டிவிடி பிளேயர்களில் சிடிக்கென்று இன்னொரு லேசரும் வைத்தார்கள். இரண்டில் ஒன்று படுத்துவிட்டால் சினிமா டிவிடி ஓடும், கல்யாண விசிடி ஓடாது. பழி சிடி மேல் விழும்.

ஆகவே முதலில் டிரைவை மாற்றிப் பாருங்கள். துடைப்பது, பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அப்புறம். (துடைத்தே ஆகவேண்டுமென்றால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக; வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடி ஒரே இடத்தில் நிறைய தகவலைக் கெடுக்கும்.)

என் லேப்டாப்பில் முதல் விசிடி திறந்தது. எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள் டாட் கோப்பு. காப்பி கொடுத்தால் பாதியில் எரர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட் தகவல்; மீதி இடத்தில் பிழை திருத்தும் குறியீடும் இருக்கும். விசிடியில் படத்துக்கு நிறைய இடம் வேண்டுமென்று அந்தத் திருத்தும் பகுதியையும் எடுத்துக்கொண்டு 2324 பைட் அடைத்தார்கள். படத்தில் ஒரு புள்ளி போனால் கண்ணுக்குத் தெரியாது என்ற கணக்கு. பிளேயர் அப்படியே தாண்டிப் போய்விடும். கம்ப்யூட்டரின் காப்பி கட்டளைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, முதல் பிழையிலேயே நின்றுவிடும்.

அதனால் ஐசோபஸ்டர் போன்ற, கெட்ட செக்டரை விட்டுவிட்டு மேலே போகும் மென்பொருள் வேண்டும். டிவிடியாக இருந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ அருமை: ஒரு டிரைவில் விட்டுப்போனதை இன்னொரு டிரைவில் போட்டு நிரப்பலாம். 2048 பைட் கணக்கில் படிப்பதால் விசிடிக்கு அது சரிப்படாது.

இரண்டாவது விசிடியின் மேல்பக்கத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்கள். சிடியில் தகவல் இருப்பது அந்தப் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்கு அடியில். பல்புக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைபோல வெளிச்சம் தெரிந்தது. அந்த இடங்கள் போனதுதான், யாராலும் மீட்க முடியாது.

குட்டி டிவிடி வேறு கதை. அடிப்பக்கத்தில் எழுதிய பகுதி வேறு நிறமாகத் தெரிகிறது, கம்ப்யூட்டரோ காலி என்கிறது. கேமராவில் ஃபைனலைஸ் பண்ணாமல் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கேமரா இருந்தால் ஒரு பட்டன் வேலை. எங்களிடம் இல்லை, ஐசோபஸ்டரே கைகொடுத்தது.

டாட் கோப்பின் பெயரை எம்பிஜி என்று மாற்றினால் விஎல்சியில் ஓடும். டிவிக்காக எம்பி4 ஆக்கிக்கொண்டேன். இரண்டாவது விசிடியில் தாலி கட்டும் இடம் கட்டம் கட்டமாக உடைகிறது. பந்தியில் பெரியப்பா, "இந்த வரிசைக்கு இன்னும் சாம்பார் வரல" என்று சத்தம் போடுவது முழுசாக இருக்கிறது. பெரியம்மாவுக்குப் பென்டிரைவில் ஒன்று, அக்காவுக்கு ஒன்று, என் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று.