வாசல் தளம் போடுமுன் மட்டம் பாருங்கள்

வணிகப் பெருமக்கள் பலருக்கும் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மூட்டை இறக்கும் வண்டி உள்ளே வர வேண்டும் என்று வாசலில் தளம் போடுகிறோம். அதில் முதலில் பார்க்க வேண்டியது சதுர அடி ரேட் அல்ல. மழைத்தண்ணீர் போகும் வழி. தண்ணீர் உள்ளே திரும்பினால் நனைவது நம் சரக்கு.

2015 டிசம்பர் வெள்ளத்தைச் செங்கல்பட்டு மறந்திருக்காது. சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் பல தெருக்கள் உயர்ந்து, வாசல்கள் பள்ளமாயின. பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். ஆயினும் நம் மட்டத்தை நாமே பார்ப்பது நலம். 10 அடிக்குச் சுமார் இரண்டரை அங்குலம் வெளிப்புறமாக வாட்டம் வேண்டும். தெரு உயரமாக இருந்தால் தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

பேவர் கல் என்றால், கார் மட்டும் வர 60 மி.மீ., சரக்கு வண்டி வர 80 மி.மீ. கனம் தேவை. மாமல்லபுரம் பக்கம் உள்ளவர்கள் கான்கிரீட்டில் கடல் மணல் கலக்கவே விடக்கூடாது. உப்பு கம்பியை அரித்துவிடும்.

காண்ட்ராக்டர் மூவரிடம் ரேட் கேளுங்கள். கனம், ஜல்லி, சிமெண்ட், கிராவல் இறுக்கம் யாவும் எழுத்தில் இருக்கட்டும். அவர் முன்பு போட்டு, இரண்டு மழைக்காலம் கண்ட தளத்தை நேரில் பாருங்கள். முன்பணம் குறைவாகக் கொடுத்து, மற்றதை வேலை முடிந்த அளவுக்குக் கொடுங்கள். கான்கிரீட்டுக்கு 10 நாள் தண்ணீர் விட வேண்டும். ஒரு பகுதித் தொகை முதல் மழை வரை நம் கையில் இருக்கட்டும்.

எடை பார்க்காமல் ஒரு மூட்டை இறக்காத நாம், அளந்து பார்க்காமல் பணம் கொடுக்கலாமா?