செம்புக் கம்பியின் நடுவில் கரன்ட் ஏன் போவதில்லை? சிமுலேஷன் காட்டும் கலர் படத்தை எவ்வளவு நம்பலாம்?

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடித் தட்டுக்குக் கீழே கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு காயில் இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் தடிமனான ஒரே கம்பி போலத்தான் தெரியும். கிட்டப் போனால் கதை வேறு. மெல்லிய கம்பிகள் பலவற்றை முறுக்கிச் செய்த கயிறு அது. ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி எனாமல் பூச்சு. இதற்குப் பெயர் லிட்ஸ் வயர். (ஆர்வத்தில் வீட்டு அடுப்பைக் கழற்றிவிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கலாம்.)

தடிமனான ஒரு கம்பியைச் சுற்றினால் வேலை சுலபம்தானே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? காரணம், ஸ்கின் எஃபெக்ட்.

கம்பியில் ஏசி கரன்ட் ஓடும்போது, கம்பிக்கு உள்ளேயும் காந்தப்புலம் உருவாகி மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் கம்பிக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும். இவை நடுப்பகுதியில் அசல் கரன்ட்டை எதிர்க்கும், ஓரத்தில் அதற்குத் துணைபோகும். விளைவு, கரன்ட் மொத்தமும் தோல் பக்கமாக ஒதுங்கிவிடும். நடுவில் இருக்கும் செம்பு கிட்டத்தட்ட சும்மா இருக்கும். கோள வடிவக் கடத்திகளுக்கு இதை 1883-ல் ஹொரேஸ் லாம்ப் கணக்கிட்டார். எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும்படி 1885-ல் விரித்தவர் ஆலிவர் ஹெவிசைட்.

மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் கரன்ட்டின் அடர்த்தி சுமார் 37 சதவீதமாகக் குறைகிறதோ, அதுதான் ஸ்கின் டெப்த். செம்பில், வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இது 9.2 மி.மீ. வீட்டு வயரிங்கில் இருக்கும் கம்பி அந்த அளவுக்குத் தடிமனே கிடையாது, அதனால் அங்கே கவலையில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுவது பல்லாயிரம் ஹெர்ட்ஸில். 25 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஸ்கின் டெப்த் 0.41 மி.மீ.தான். 1 மெகாஹெர்ட்ஸில் 0.065 மி.மீ.

கணக்கு இருக்கிறதே, சிமுலேஷன் எதற்கு?

தனியாக நிற்கும் ஒரு வட்டக் கம்பிக்குச் சூத்திரம் இருக்கிறது, பேப்பரிலேயே போட்டுவிடலாம். 2 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பியின் டிசி மின்தடை மீட்டருக்கு 5.3 மில்லிஓம். 25 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகி, 7.8 மில்லிஓமைத் தொடும். 30 ஆம்பியர் ஓடினால், மீட்டருக்கு 4.8 வாட் சூடாகும் என்று நினைத்த இடத்தில் 7 வாட் சூடாகும்.

அதே கம்பியை இருபது சுற்று சுற்றினால் இந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும். ஒவ்வொரு சுற்றின் காந்தப்புலமும் பக்கத்துச் சுற்றுகளின் கரன்ட்டை ஒரு மூலைக்குத் தள்ளும், இழப்பு இன்னும் கூடும். இங்கேதான் சாஃப்ட்வேர் தேவைப்படுகிறது. டேவிட் மீக்கர் எழுதிய ஃபெம் என்ற சாஃப்ட்வேர் இலவசம். காம்சால், ஆன்சிஸ் மேக்ஸ்வெல் போன்றவை காசு கொடுத்து வாங்குபவை. குறுக்குவெட்டை வரைந்து, எது செம்பு, எது காற்று என்று சொல்லி, ஹெர்ட்ஸைக் கொடுத்தால் போதும். படத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் புலத்தைக் கணக்கிட்டு, ஓரம் சிவப்பு, நடு நீலம் என்று அழகாக ஒரு படம் போட்டுத் தரும்.

பிரச்சினையே அந்த அழகுதான். அந்த முக்கோண வலைக்குப் பெயர் மெஷ். முக்கோணத்தைவிட மெல்லிய தோலுக்குள் கரன்ட்டை அடைக்க சாஃப்ட்வேரால் முடியாது. அதே 2 மி.மீ. கம்பியில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு மின்தடை டிசி அளவைப் போல ஏறக்குறைய 8 மடங்கு வரவேண்டும். மெஷ் 0.3 மி.மீ. முக்கோணங்களாக இருந்தால், 0.065 மி.மீ. தோலில் நடப்பது அதன் கண்ணுக்கே படாது. மின்தடையைக் குறைத்துச் சொல்லும். எரர் மெசேஜ் எதுவும் வராது, ஓரத்தில் சிவப்பும் இருக்கும். அதை நம்பிக் காயில் செய்தால், ஓடத் தொடங்கிய பிறகுதான் சூடு தெரியும். எனாமல் பூச்சு வெந்துபோனால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மிகக் குறைந்த ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளியில் படித்த டிசி மின்தடைக் கணக்கோடு விடை ஒத்துப்போகாவிட்டால் வரைபடத்திலேயே கோளாறு. அடுத்து, மெஷ்ஷைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. விடை நகர்ந்தால் பழைய மெஷ் போதவில்லை. ஸ்கின் டெப்த்துக்குள் குறைந்தது இரண்டு மூன்று முக்கோணங்களாவது வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு.

இருப்பதிலேயே சுவாரஸ்யமான சோதனை மூன்றாவது. தோல் கம்பியைவிட நன்றாக மெலிந்துவிட்ட நிலையில், ஹெர்ட்ஸை 4 மடங்காக்கினால் மின்தடை சுமார் 2 மடங்காக வேண்டும். சாஃப்ட்வேர் தரும் வளைகோடு ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் படுத்துவிட்டால், கரன்ட் அதற்குமேல் ஒதுங்க முக்கோணம் இடம் தரவில்லை என்று அர்த்தம். அது கம்பியின் குணம் இல்லை, மெஷ்ஷின் குணம்.

அடுப்பின் மேலே இருக்கும் பாத்திரம் இன்னும் படுத்தும். காந்தம் ஒட்டும் இரும்புப் பாத்திரத்தில் ஸ்கின் டெப்த் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். காயிலில் வேண்டாம் என்று துரத்தும் ஸ்கின் எஃபெக்ட், பாத்திரத்தில் கட்டாயம் வேண்டும். அந்த மெல்லிய தோலில் கரன்ட் நெருக்கியடிப்பதால்தான் பாத்திரம் சூடாகிறது. இருபது சென்டிமீட்டர் பாத்திரத்தை அவ்வளவு பொடி முக்கோணங்களாக வெட்டினால் லேப்டாப் திணறிவிடும். அதனால் பாத்திரத்தின் உள்ளே கணக்கிடாமல், மேற்பரப்பில் மட்டும் ஒரு நிபந்தனையை வைத்து முடித்துக்கொள்ளும் வசதி பெரிய சாஃப்ட்வேர்களில் உண்டு.

லிட்ஸ் வயருக்கும் இதே மாதிரி குறுக்குவழிதான். எல்லா இழைகளையும் யாரும் வரைவதில்லை. ஃபெம்மில் இழைகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் கொடுத்தால், மொத்தக் கயிற்றையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு இழப்பைச் சொல்லிவிடும். முதல்முறை ஓட்டுபவர்கள் திகைப்பது இங்கேதான். சிவப்பு ஓரமும் இருக்காது, நீல நடுவும் இருக்காது. காயில் முழுக்க ஒரே நிறம். சிமுலேஷன் சொதப்பிவிட்டது என்று அவசரப்பட்டு மூட வேண்டியதில்லை. கரன்ட் எல்லா இழைகளிலும் சமமாகப் பிரிந்து போகட்டும் என்றுதானே அத்தனை இழைகளை முறுக்கினார்கள்.