இறாலின் கண்ணுக்குள் ஒரு பூட்டு



குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்துவிட்டு வந்த அக்கா ஒருவர் குழுக் கூட்டத்தில் கேட்டார்: "தாய் இறாலுக்கெல்லாம் ஒரு கண்ணு இல்லையே, ஏதாவது சீக்கா?" சீக்கு இல்லை. வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

இறாலின் கண் ஒரு காம்பின் மேல் இருக்கிறது. அந்தக் காம்புக்குள் ஹார்மோன்களை வெளிவிடும் சிறு சுரப்பி உண்டு. ஒரு ஹார்மோன் சினை முற்றுவதைத் தடுக்கும். இன்னொன்று ஓடு கழற்றுவதைத் தடுக்கும். "நேரம் வரட்டும், பொறு" என்று சொல்லும் பூட்டுகள் இவை. தொட்டியில் அடைபட்ட இறாலுக்கு சினைப் பூட்டு லேசில் திறக்காது. ஒரு கண்காம்பை எடுத்தால் பூட்டு தளரும். சில நாளில் சினை முற்றும்.

ஆனால் தாய்க்கு இது பெரும் பாரம். அடுத்தடுத்து முட்டையிட வைத்தால் முட்டையின் தரமும் குறையும். அதனால் மாற்று வழி தேடுகிறார்கள். எந்த ஹார்மோனைச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அந்தக் குறிப்பை மட்டும் ஊசி மூலம் அடக்கி, கண்ணை வெட்டாமலே புலி இறாலை முட்டையிட வைத்தார்கள் தாய்லாந்து ஆய்வாளர்கள். இந்த முடிவு 2011-ல் வெளியானது.

நம் குளத்துக்கு வருவோம். ஓட்டுப் பூட்டு திறந்ததும் இறால் ஓட்டைக் கழற்றும். அப்போது உடம்பு மெத்தென்று இருக்கும்; மற்ற இறால் கடித்துத் தின்னும். தீனித் தட்டில் ஓடு நிறையக் கிடந்தால் தீனியைக் குறையுங்கள், ஏரேட்டரை ஓட விடுங்கள். ஓடு இறுகும் முன் பிடித்தால் விலை அடிபடும். கடன் வாங்கிப் போட்ட முதல் அல்லவா? இரண்டு நாள் பொறுப்போம்!