டர்போ காரில் பார்ட்ஸ் மாத்தியாச்சு... ட்யூனிங் செய்யாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

டர்போ பெட்ரோல் கார் வாங்கினவங்க பலரும் முதலில் மாற்றுவது ஏர் ஃபில்டர், அடுத்தது எக்ஸாஸ்ட். சத்தம் கூடும், பிக்கப்பும் கூடின மாதிரி தெரியும். ஆனா காரின் மூளையான இசியு-வுக்கு நீங்க என்ன மாத்தினீங்கன்னு தெரியாது. கம்பெனி எழுதிக் கொடுத்த பழைய கணக்கை வைத்தே அது சமாளிக்கப் பார்க்கும்.

அது என்ன கணக்கு?

1 கிராம் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். நிதானமாகப் போகும்போது இந்த அளவுதான். ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்தால் சிலிண்டர் சூடு எகிறும். அதைத் தணிக்க பல கார்களில் பெட்ரோல் கூடுதலாகப் போகும். விகிதம் 12-க்குப் பக்கத்தில் இறங்கும். மாற்றிய பார்ட்ஸால் காற்று கூடி, பெட்ரோல் அதற்கு ஈடுகொடுக்கலைன்னா சூடு ஏறும்.

அடுத்து வருவதுதான் 'நாக்கிங்'. பிளக் பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே, மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிப்பது. நாக் சென்சார் இதைக் கேட்டதும், பிளக் பொறி விடும் நேரத்தை இசியு தள்ளிப்போடும். பவர் குறையும். அதாவது, பவருக்காக செலவு செய்து பவரை இழக்கிறோம்! சென்சாரையும் மீறி நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம்.

ட்யூனிங்கில் என்ன செய்வாங்க?

டர்போ அழுத்தம், பெட்ரோல் அளவு, பொறி நேரம், டார்க் வரம்பு இவற்றை இசியு-வில் மாற்றி எழுதுவாங்க. அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவதும் கஷ்டம். அதனால் பிளக் இடைவெளியைக் குறைக்க வேண்டி வரலாம். பிறகு டைனோவில் ஓட்டி லாக் எடுப்பாங்க. எல்லாரும் கேட்பது எத்தனை குதிரைத்திறன் ஏறியது என்றுதான். ஆனா பார்க்க வேண்டியது, இசியு எத்தனை டிகிரி நேரத்தைப் பின்வாங்கியிருக்கு என்பதை. நான்கு சிலிண்டரிலும் அது தொடர்ந்து ஏறினால் ட்யூன் சரியில்லைன்னு அர்த்தம்.

பெட்ரோலும் முக்கியம். 95 ஆக்டேனுக்கு ட்யூன் செய்த காரில், நடு ஹைவேயில் கிடைத்த 91-ஐ போட்டுவிட்டு விரட்டக்கூடாது. வெயிலும் அப்படித்தான். மார்கழி காலையில் ஒழுங்காக ஓடிய கார், சித்திரை மதியம் 'டிக் டிக்'னு தட்ட ஆரம்பிக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை கழற்றினால் புகைச் சோதனையிலும் சிக்கல்தான்.

'சர்வீஸுக்கு விடும் முன்னாடி பழைய ஃபைலை ஏத்திடலாம், வாரன்ட்டி தப்பிச்சிடும்' என்று சிலர் சொல்வாங்க. இசியு-வில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல கார்களில் உள்ளேயே பதிவாகியிருக்கும்.