பேரங்காடித் தரையில் பழங்காலக் கடல்

மாணவர்களே, அடுத்த முறை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகும்போது, பேரங்காடி, வங்கி, தங்குவிடுதி எதுவானாலும் தரையைக் கவனியுங்கள். மெருகேற்றிய கல்லில் நத்தைக்கூடு போன்ற சுருள் தெரிந்தால், அது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரின் புதைபடிவமாக இருக்கலாம்.

எல்லாக் கல்லிலும் இது கிடைக்காது. திரிங்காப் மலையின் கல் கருங்கல், அதாவது கிரானைட். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உருவானது. கொதிக்கும் குழம்பில் உயிர் ஏது? குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற கனிமங்களே அதில் மின்னும்.

கம்போங் ராஜா வழியாகக் கீழே இறங்கினால், சிம்பாங் பூலாய்ப் பக்கம் செங்குத்தான வெளிர்நிறக் குன்றுகளைப் பார்ப்பீர்கள். அவை சுண்ணாம்புக்கல். ஈப்போ கல்லுமலைக் கோவிலை ஒட்டி நிற்கும் குன்றும் அதே வகைதான். கடலடியில் சிப்பி, பவளம் போன்றவற்றின் ஓடுகள் படிந்து இறுகிய கல் இது. அப்படியானால் இதில் புதைபடிவங்கள் நிறைந்திருக்க வேண்டுமே?

பெரும்பாலும் இல்லை. காரணம், நம் மலையின் கருங்கல்தான்! அந்தப் பாறைக்குழம்பு மேலெழுந்தபோது, அதன் வெப்பம் சுண்ணாம்புக்கல்லைப் பளிங்காக மாற்றியது. புதிய படிகங்கள் வளர்ந்ததில் ஓடுகளின் வடிவம் அழிந்தது. ஆனாலும் சில இடங்கள் தப்பின. கம்பார் வட்டார ஈயச் சுரங்கங்களில் வெளிப்பட்ட சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவங்கள் கிடைத்தன. அவற்றின் துணையோடு அங்குள்ள பாறை அடுக்குகளை வரிசைப்படுத்தி, 1968இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் புவியியலாளர் சுந்தரலிங்கம்.

நகரக் கட்டடங்களில் பதிக்கப்படும் கற்களோ பல நாடுகளிலிருந்து வருகின்றன. ஜெர்மனியின் 'ஜுரா மார்பிள்' பெயரில்தான் பளிங்கு; உண்மையில் அது வெப்பத்தால் உருமாறாத, சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புக்கல். அதில் தெரியும் சுருள், கணவாயின் உறவினமான அம்மோனைட். துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவம், அதன் இன்னோர் உறவினமான பெலம்னைட். இரண்டும் இன்று உலகில் இல்லை.

கல்லில் உயிரைப் பார்த்துக் குழம்பியவர்கள் அன்றும் உண்டு. எகிப்தின் பிரமிடுகளைச் சுற்றிக் கிடந்த பருப்பு வடிவக் கற்களை, வேலையாட்கள் உண்டு மிச்சம் வைத்த உணவு கல்லாகிவிட்டது என்று மக்கள் நம்பினார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் இதைக் குறித்து வைத்தவர் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ. அவை நம்முலைட் என்னும் ஒரே செல் கொண்ட கடலுயிரின் ஓடுகள் என்று இன்று அறிவோம்.

நீங்கள் எதையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரே உருவம் பல தரைக்கற்களில் அச்சு மாறாமல் திரும்ப வந்தால், அது தொழிற்சாலையில் அச்சிட்ட ஓடு. கல்லின் குறுக்கே நீளும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் விரிசலில் படிந்த கனிமம். சுருளுக்குள் சிறு சிறு அறைகள் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது அம்மோனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியும். கீறவோ பெயர்க்கவோ வேண்டாம். இடத்தையும் தேதியையும் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.