எல்லைப்புறத் தொழுவங்களில் பட்டைக்குறிக் கருவி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்டதே ஒழிய, மக்களின் வாழ்க்கை இரு கூறாகிவிடவில்லை. பெண் கொடுத்தலும் கொள்ளலும், சந்தைக்குப் போதலும் வருதலும் இன்றும் இருபுறமும் நடைபெறுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த கன்று பாறசாலைத் தொழுவத்தில் கறவைப் பசுவாக நிற்பது அங்கே புதுமையன்று.

இத்தகைய பகுதியில் பணியாற்றும் ஊழியருக்கு முதலில் எதிர்ப்படும் தொல்லை பெயர்களே. ஒரே ஊர் தமிழில் பாறசாலை என்றும், மலையாள ஒலிப்புப்படி பாறச்சால என்றும் எழுதப்படும். ஆங்கில எழுத்தில் அதற்கு இன்னும் பல உருவங்கள் உண்டு. ஒரு பதிவேட்டில் செல்லம்மாள் என்றிருப்பவர் மற்றொன்றில் செல்லம்மா ஆகிவிடுகிறார். வீட்டுப் பெயரை முன்னே எழுதுவாரும் உளர். தந்தை பெயரின் முதலெழுத்தை எழுதுவாரும் உளர். மாட்டுக்கோ வீட்டார் வைத்த செல்லப் பெயரைத் தவிர வேறில்லை. பெயரை நம்பித் தொகுத்த பட்டியலில் ஒரே பசு இருமுறை இடம் பெறுவதும், மற்றொரு பசு அடியோடு விடுபட்டுப் போவதும் இவ்வாறே நேர்கின்றன.

எண்ணுக்கு இந்த இடர் இல்லை. மலையாளத்தில் எழுதினும் தமிழில் எழுதினும் 7 என்பது 7தான். நாடு முழுவதும் மாடு, எருமைகளின் காதில் பொருத்தப்படும் மஞ்சள் நிறக் காதுவில்லையில் 12 இலக்கங்கள் கொண்ட எண்ணும், அதே எண்ணைக் குறிக்கும் பட்டைக்குறியும் அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் மதுராவில் தொடங்கப்பட்டது. போடப்படும் ஒவ்வோர் ஊசியையும் இவ்வெண்ணின் கீழேயே பதிய வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. 'பாரத் பசுதன்' என்னும் மத்தியத் தரவுத்தளம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. விளவங்கோட்டில் பதிந்த எண்ணைப் பாறசாலையிலும் எடுத்துப் பார்க்கலாம்.

எண் ஒன்றை 12 இலக்கமும் பிழையின்றிக் கையால் எழுதுவது எளிதெனத் தோன்றும். கன்று துள்ள, மழை தூற, ஒருவர் படித்துச் சொல்ல மற்றவர் எழுதுகையில் 6 என்பது 8 ஆவதும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவதும் இயல்பு. அதன் விளைவு சிறிதன்று. கோமாரிக்கு முதன்முறையாக ஊசி பெறும் கன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஊக்க ஊசி ஒன்று தேவை. பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுவர வேண்டும். எண் பிழைபட்டால் ஊசி போடாத மாடு போட்டதாகக் கணக்கில் ஏறும். போட்டதற்கோ சான்றில்லாமல் போகும். தொற்று வரும்போதுதான் இப்பிழை வெளிப்படும். அப்பொழுது பால் வற்றிப் போனதற்கும் கன்று மடிந்ததற்கும் கணக்கேடு ஈடு கட்டாது.

இதனை நீக்கவே பட்டைக்குறி படிக்கும் கைக்கணிப்பொறி பயன்படுகிறது. பட்டைக்குறியின் கருத்து புதிதன்று. மோர்ஸ் தந்தியின் புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் என்ன என்று, கடற்கரை மணலில் விரலால் கோடிழுத்துப் பார்த்த உட்லண்டு என்னும் அமெரிக்கர், தம் நண்பர் சில்வருடன் சேர்ந்து 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்றார். கடையில் அது வழக்கிற்கு வர மேலும் 22 ஆண்டுகள் ஆயின. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில் படிக்கப்பட்ட முதற்பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம்.

கருவி வேலை செய்யும் முறையை அறிந்திருத்தல் களத்தில் பெரிதும் உதவும். லேசர் வகைக் கருவியில் சிவப்பு ஒளிக்கற்றை ஒன்று, அசையும் சிறு கண்ணாடியில் பட்டுக் குறியின் குறுக்கே விரைந்து ஓடுகிறது. வெண்மையான இடைவெளி ஒளியைத் திருப்பியனுப்பும். கரும்பட்டை அதை விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஓர் ஒளியுணரி மின்னோட்டமாக மாற்ற, பட்டைகளின் அகல விகிதத்தைக் கொண்டு கணிப்பொறி இலக்கங்களை அறிகிறது. படம் பிடிக்கும் வகைக் கருவி குறி முழுவதையும் ஒளிப்படமாக எடுத்து ஆராயும். சதுர வடிவான கியூ.ஆர். குறியை இவ்வகைதான் படிக்கும்.

சிவப்பு ஒளியில் மஞ்சள் நிறம் ஏறக்குறைய வெண்மையைப் போலவே பளிச்சிடும். ஆகவேதான் மஞ்சள் வில்லையில் கறுப்புக் கோடுகள் தெளிவாகப் படிக்கப்படுகின்றன. சிவப்புக் கோடுகளை வெள்ளைத் தாளில் அச்சிட்டால், கண்ணுக்கு எடுப்பாக இருப்பினும் லேசர் கருவிக்கு அங்கே ஒன்றுமே தென்படாது. பள்ளி நூலகத்துக்குக் குறி அச்சிடும் ஆசிரியர்கள் வண்ண மையில் ஆசை வைக்க வேண்டாம். குறியின் இரு பக்கத்திலும் வெற்றிடம் விடுவதும் இன்றியமையாதது. விளிம்பை ஒட்டி வெட்டிய குறியில் தொடக்கம் எது, முடிவு எது என்று கருவி அறியாது.

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தொழுவத்துக்குக் கொண்டு போவது நன்றன்று. முதலில் மின்கலத்தை முழுமையாக ஏற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து நாளும் நேரமும் சரிதானா என்று நோக்க வேண்டும். நாள் தவறிய கருவியில் பதிந்த ஊசி, ஊக்க ஊசியின் தவணையையும் தவறாக்கும். பின்னர் எவ்வகைக் குறிகளைப் படிக்க வேண்டும் என்பதைக் கருவிக்குச் சொல்ல வேண்டும். இதற்கெனத் தயாரிப்பாளரின் கையேட்டில் அமைப்புக் குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைக் கருவியாலேயே படித்தால் அமைப்பு மாறும். விசைகளைத் தட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல். தேவையில்லாத குறி வகைகளை அணைத்துவிடுவதே நலம். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் ஊசி மருந்துப் பெட்டியின் குறியையும் கருவி ஆர்வத்துடன் படித்து மாட்டெண் கட்டத்தில் நிரப்பும். 'இன்டர்லீவ்டு டூ ஆஃப் ஃபைவ்' என்னும் வகைக்குக் குறுக்கே சாய்ந்து ஓடும் ஒளிக்கற்றையில் பாதியை மட்டும் படித்து, முழு எண் போலக் காட்டிவிடும் தீய வழக்கம் உண்டு. எண்ணின் நீளம் 12 என்று கருவியில் நிலைநிறுத்திவிட்டால், அதற்குக் குறைந்ததையும் மிகுந்ததையும் அது ஏற்காது. இவ்வளவும் ஆன பிறகு, எண் தெரிந்த ஐந்தாறு வில்லைகளைப் படித்து, திரையில் வருவதை இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். அரைமணி நேர வேலை. தவறவிட்டால் ஒரு மாத வேலை வீணாகும்.

சரிபார்ப்பு இலக்கம் என்பது ஆசிரியர்களுக்கும் சுவையான பாடம். கடைப் பண்டங்களின் 13 இலக்கக் குறியில் கடைசி இலக்கம், முன்னுள்ள 12 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களின் எண் 890 என்று தொடங்கும். 890123456789 என்பதை எடுத்துக்கொள்வோம். ஒற்றை இடத்து இலக்கங்களான 8, 0, 2, 4, 6, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டை இடத்து இலக்கங்களான 9, 1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 34. அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர 130. அது பத்தின் மடங்காக இருப்பதால் சரிபார்ப்பு இலக்கம் 0. இப்போது 45 என்பதை 54 என்று மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை 128 ஆகும்; 2 வர வேண்டிய இடத்தில் 0 நிற்பதால் பிழை பிடிபடும். ஓர் இலக்கம் மட்டும் பிழையானால் இம்முறை எப்போதும் காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறும்போதோ, அவற்றின் வேறுபாடு 5 ஆயின் கண்டுபிடிக்காது; 27 என்பது 72 ஆனால் கணக்கு அப்படியே நிற்கும். ஏன் என்று மாணவரே காணட்டும். வீட்டிலுள்ள சோப்பு உறையும், பாடப்புத்தகமல்லாத ஏதேனும் ஒரு நூலின் பின்னட்டையும் இதற்குப் போதும்.

இனித் தொழுவத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் நிலம் இது. கருவியின் காப்புத் தரத்தை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஐ.பி. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும்; ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதுபடாது. இரண்டிலும் மின்னேற்றத் துளையின் மூடி சரியாக அடைபட்டிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து காரைத் தரையில் விழுந்தாலும் உடையாது என்னும் உறுதிமொழி, மாடு மிதித்தால் என்னாகும் என்பதைக் கூறுவதில்லை. கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதே தக்கது. வெயிலில் நிறுத்திய வண்டியினுள் கருவியை விட்டுவிடலாகாது. லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் பகை.

காதுவில்லை கண்ணுக்கு அண்மையில் இருப்பது. லேசர் ஒளி ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாயினும் மனிதர் கண்ணிலோ மாட்டின் கண்ணிலோ நேரே படச் செய்தல் கூடாது. மாட்டின் பக்கவாட்டில் நின்று, காதை ஒரு கையால் மெல்லப் பிடித்து, வில்லையைச் சேறும் சாணமும் நீங்கத் துடைத்து, சற்றே சாய்த்துப் படிக்க வேண்டும். நேர் செங்குத்தாகப் பிடித்தால் வில்லையின் பளபளப்பே கருவியின் கண்ணைக் கூசச் செய்யும். கடும் வெயிலில் தம் நிழல் வில்லையின்மேல் விழுமாறு நின்றால் எளிதில் படிக்கலாம். கருவி ஒலித்ததும் திரையைப் பார்க்க வேண்டும். ஒலி, எண் படிக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். திரையில் ஐந்து வயது ஜெர்சி கலப்பினப் பசு என்றிருக்க, எதிரே எருமைக் கிடாரி நின்றால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

கருவியை மிஞ்சும் தவறு ஒன்றுண்டு. வில்லைகளை மாட்டின் காதில் பொருத்துவதற்கு முன்பே, கட்டாக வைத்து மேசைமேல் படித்துவிட்டு, ஊசி போட்டதாகவும் பதிந்துவிடுதல். கருவி மறுக்காது, எண் சரியானதே, சரிபார்ப்பும் சரியே. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னே மாடு இல்லை. காதில் இருக்கும் வில்லையை மட்டுமே படிப்பது என்னும் ஒழுங்கை ஊழியரே காக்க வேண்டும்; எந்தக் கணிப்பொறியும் அதற்கு மாற்றாகாது.

அமரவிளையில் சரக்கு வண்டிகளை நிறுத்தி வந்த வணிகவரிச் சோதனைச்சாவடி, 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் வழக்கொழிந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு வேண்டும். அதற்கும் 12 இலக்க எண்ணும் கியூ.ஆர். குறியும் உண்டு. அலுவலர் குறியைப் படித்ததும் விவரம் தோன்றும். ஆனால் லாரியில் உள்ளது சீட்டில் எழுதிய பண்டம்தானா என்பதை இறங்கித்தான் பார்க்க வேண்டும். மாட்டுக்கும் லாரிக்கும் நிலைமை ஒன்றே.

எல்லையோர மேடுபள்ளங்களில் கைபேசி அலை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆதலால் பதிவுகள் கருவியிலேயே சேர்ந்திருந்து, அலை கிடைத்தபின் மையத்துக்குப் போகும்படி அமைத்திருத்தல் வேண்டும். மாலையில் அலுவலகம் திரும்பியதும் அன்று எத்தனை ஊசி செலவாயிற்று, எத்தனை பதிவு கருவியில் உள்ளது, எத்தனை பதிவு மையத்தைச் சேர்ந்தது என்று மூன்று எண்களையும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்திராத நாளில் கருவியைத் துடைத்தழிக்கவோ மற்றவரிடம் கொடுக்கவோ கூடாது. இருவர் ஒரே கருவியைக் கையாளின் அவரவர் பெயரில் தனித்தனியே நுழைய வேண்டும்.

மாடு விற்கப்பட்டால் பழைய உடைமையாளரிடமிருந்து புதியவர் பெயருக்கு அதே எண்ணைப் பதிவில் மாற்ற வேண்டும். புதுவீட்டில் புது வில்லை என்று கேட்கும் உழவர்கள் உளர். அதற்கு இசைந்தால் பசுவின் முந்தைய ஊசிகளும் ஈற்று விவரமும் பழைய எண்ணோடே நின்றுவிடும். வேலியில் சிக்கிக் காது கிழிந்து வில்லை தொலைந்துபோன மாட்டுக்கு மட்டுமே புது வில்லை பொருத்தலாம். அப்பொழுதும் உடைமையாளரின் பெயரைக் கொண்டு பழைய எண்ணைத் தேடியெடுத்து, காதுவில்லை மாற்றம் என்னும் பகுதியில் பழையதையும் புதியதையும் இணைத்துப் பதிந்த பின்னரே அன்றைய ஊசியைப் போட வேண்டும்.