வார்டன் இல்லாத விடுதி
ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறோம் – 9

விசா கைக்கு வந்ததும் வீட்டில் பேச்சு முழுக்கப் பெட்டியைப் பற்றியதாகிவிடுகிறது. எத்தனை கிலோ புளி, எந்த அளவு குக்கர், கம்பளி அங்கே வாங்குவதா இங்கேயே வாங்குவதா? தங்கப்போகும் அறையைப் பற்றிக் கேட்டால், "காலேஜ்ல ஹாஸ்டல் இருக்கும்ல சார்" என்கிறார் அப்பா. நம் பிள்ளைகள் அங்கே போய் முதல் மாதம் முழுக்க அலைவதற்கு இந்த நினைப்பே காரணம்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அட்மிஷன் கடிதத்தோடு அறை வராது. மாணவர் விடுதிகளையும் மென்சா எனப்படும் உணவகங்களையும் நடத்துவது ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. முதல் உலகப் போருக்குப் பின் பசியும் விலைவாசியும் வாட்டிய காலத்தில் மாணவர்கள் தங்களுக்காகத் தொடங்கிய உதவிச் சங்கங்களிலிருந்து வளர்ந்தவை இவை. இன்று நாடு முழுக்க 57 இருக்கின்றன. உங்கள் ஊருக்கானது எது என்று பார்த்து, அறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எந்த நாளிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். விண்ணப்பம் திறக்கும் முதல் நாளே பெயரைக் கொடுத்துவிடுங்கள். மியூனிக் போன்ற நகரத்தில் காத்திருப்பு செமஸ்டர் கணக்கில் நீள்கிறது.

அந்த மியூனிக்கில் எல்லோரும் ஆசைப்படும் இடம் ஒலிம்பிக் கிராமம். 1972 போட்டியில் வீராங்கனைகள் தங்கிய சின்னஞ்சிறு வீடுகள் பிறகு மாணவர்களுக்கு வந்தன. பழையவற்றை இடித்து, அதே சாயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளாகத் திரும்பக் கட்டினார்கள். குடியிருப்பவர் தன் வீட்டு முகப்பில் விருப்பப்படி ஓவியம் தீட்டிக்கொள்ளலாம். அங்கே இடம் கிடைக்காவிட்டால், வெளிச்சந்தையில் அதே நகரத்தில் ஓர் அறைக்கு 700, 800 யூரோ கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த கணக்குப்படி, விசாவுக்காக முடக்கிவைக்கும் 11,904 யூரோவிலிருந்து மாதம் எடுக்க முடிவது 992 மட்டுமே.

இந்த நெருக்கடியைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அழகான படங்கள், பாதி வாடகை, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்ற கடிதம். அறையை நீங்களோ, நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். இன்டர்ன்ஷிப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் அறையைச் சில மாதங்களுக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். முதல் செமஸ்டரை அதில் ஓட்டுவது நல்ல வழி. ஆனால் அந்த முகவரியில் பதிவு செய்துகொள்ள வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்பதை முதலிலேயே கேளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவு இல்லாவிட்டால் வரி எண்ணிலிருந்து தங்கும் அனுமதி வரை எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

அறை கிடைத்தபின் நீங்கள் ஹாஸ்டல் பையன் அல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாடகைதாரர். இரவு எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்க வார்டன் இல்லை. மணி அடித்தால் சாப்பாடு போட மெஸ்ஸும் இல்லை. ஹீட்டர் போன்ற செலவுகள் சேராத மூன்று மாத வாடகையை அட்வான்ஸ் தாண்டக் கூடாது என்பது சட்டம். நீங்கள் கெடுத்த பொருளுக்கு அதிலிருந்துதான் பிடிப்பார்கள்.

நம்மவர்களிடம் அதிகம் பிடிக்க வைப்பது பூஞ்சை. குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டிக்கொண்டு, சோறு வடித்து, துவைத்த துணியையும் உள்ளேயே உலர்த்தினால் அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து, கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் படரும். ஜன்னலை நாள் முழுக்க லேசாகச் சாய்த்து வைப்பதும் தவறு, சுவர்தான் குளிரும். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விட வேண்டும், தினமும் பல முறை. பனி கொட்டினாலும் சரி.

பல விடுதிகளில் ஒரு நடைபாதைக்கே ஒரு சமையலறைதான். குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, சுவரில் துப்புரவு முறைப் பட்டியல். மிளகாய் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, நடைபாதைக் கதவைச் சாத்துங்கள். புகை வெளியே போனால் நடைபாதை அலாரம் அலறி, கட்டடமே வாசலில் வந்து நிற்கும். உங்கள் முறை வரும் வாரத்தில் அடுப்பைத் துடைத்துக் குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை இல்லை. நான் பார்த்தவரை, அந்த நாட்டில் நட்பு பிறக்கும் இடமும் அந்தச் சமையலறைதான். நம் மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டில் அடைந்துகொள்வது எனக்கு உடன்பாடில்லை. முதல் ஆண்டாவது மற்றவர்களோடு இருங்கள். மொழி அங்கேதான் வரும்.

தனிமையும் உண்டு. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலும் கதவைத் தட்ட ஆள் இல்லை. மனம் சோர்ந்தால் ஸ்டூடியரெண்டன்வெர்க் அலுவலகங்களிலேயே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போய்ப் பேசுவதில் வெட்கம் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போனில் "சாப்டியா?" என்று கேட்கிறபோது, பக்கத்து அறையில் இருப்பது யார் என்றும் கேளுங்கள். பெயர் தெரியாது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே போய் அந்தக் கதவைத் தட்டிப் பேசச் சொல்லுங்கள்.

(தொடரும்)